ஐக்கியக் கூட்டத்தில் விசிட்டிங் கார்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் உருக்காலை, ஆண்டுக்கான மூலப்பொருள் வாங்க வேண்டுமென்றால் டெண்டர் உண்டு, கொட்டேஷன் உண்டு, கொள்முதல் துறை உண்டு. அதே ஆலையில் நைட் ஷிப்டில் உருளையின் தண்டு ஒன்று முறிந்துவிட்டால் நடப்பது வேறு. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் தன் செல்போனில் தெரிந்த ஒருவரின் எண்ணைத் தேடுகிறார். "நம்ம ஆளு ஒருத்தர் லேத் வச்சிருக்காரு, ராத்திரியிலயும் போட்டுத் தருவாரு" என்று யாரோ எப்போதோ டீக்கடையில் சொன்னது அப்போது நினைவுக்கு வருகிறது. வேலை அவருக்குப் போகிறது. ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அடுத்த வேலையும் அவருக்கே.

திருவள்ளூர் மாவட்டத்தின் சிறுதொழில் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. காக்களூர், திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைகளிலும், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களைச் சுற்றியும் எத்தனையோ லேத் பட்டறைகள், பேப்ரிகேஷன் ஷெட்டுகள், பவுடர் கோட்டிங் யூனிட்டுகள். இவற்றோடு கேன்டீன் கான்ட்ராக்ட், வேன் சர்வீஸ், தண்ணீர் லாரி, ஆள் சப்ளை. இவர்களில் யாருக்கும் ரோட்டோரத் தட்டியால் பெரிய பயன் கிடையாது. ஆர்டர் வாய்ச்சொல்லாக வருகிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரும் புறநகர் ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிறவர்களிடையே அது கைமாறுகிறது; கல்யாணப் பந்தியில், பள்ளிக்கூட வாசலில், ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் கைமாறுகிறது.

அந்தப் பத்து நிமிடம்தான் இந்தக் கட்டுரையின் பொருள். "பிரதர், நீங்க சிப்காட்ல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று தொடங்கி, கையில் விசிட்டிங் கார்டு திணிக்கப்பட்டு முடிகிற உரையாடலில் கிறிஸ்தவ மனசாட்சிக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? நம் சபைகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. சபை சந்தை கிடையாது, வாயை மூடிக்கொள் என்கிறது ஒன்று. தொழில் கர்த்தர் கொடுத்தது, அதைச் சொல்ல ஏன் வெட்கம் என்கிறது மற்றொன்று. இரண்டுமே பேசுகிறவரை மட்டும் பார்க்கின்றன. கேட்கிறவரின் பொறுப்பு என்ன என்பதை இரண்டும் தொடுவதில்லை. சிக்கலின் பெரும்பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த மாவட்டத்துச் சபைகளின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு ஒரு திறவுகோல் உண்டு. திருவள்ளூரை ஒட்டியுள்ள ஈக்காட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வேரூன்றியது. அங்கே ஊழியம் செய்த வில்லியம் கவுடி, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட கூலி மக்களின் நில உரிமைக்காக வாதாடியவர்களில் ஒருவர். பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற ஒதுக்கீட்டுக்கு 1892இல் வழி திறந்த அறிக்கையை கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய காலம் அது. நிலத்துக்காகத்தான் ஜனங்கள் சபைக்கு வருகிறார்கள், நிலத்தைக் காட்டித்தான் மிஷனரி பேசுகிறார் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. விசுவாசத்தின் பேச்சும் வயிற்றுப்பாட்டின் பேச்சும் ஒரே வாயிலிருந்து வரும்போது எழுகிற சந்தேகம் இந்த மண்ணுக்குப் புதியது அல்ல.

அந்த வெஸ்லியன் மரபு 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் கலந்தது. அது கொண்டுவந்த சொத்துகளில் ஒன்று, ஜான் வெஸ்லி 1743இல் தம் சங்கங்களுக்காக எழுதிய பொது விதிகள். சில பக்கங்களே உள்ள சிறு ஏடு. ஒரு மெதடிஸ்ட் எதைச் செய்யக்கூடாது, எதைச் செய்யவேண்டும் என்று பட்டியல் போடுகிறது. செய்யக்கூடாதவற்றில், வாங்கும்போதும் விற்கும்போதும் சொற்களைப் பெருக்குவதை வெஸ்லி சேர்த்திருக்கிறார். தீர்வை கட்டாத கடத்தல் சரக்கை வாங்குவது, அநியாய வட்டி இவற்றோடு ஒரே வரிசையில் வியாபாரத்தில் வாய்வீச்சும் நிற்கிறது. அதே ஏட்டில் செய்யவேண்டியவற்றின் பட்டியலில் இன்னொன்று இருக்கிறது: விசுவாச வீட்டாருக்கு முன்னுரிமை தந்து வேலை கொடுங்கள், ஒருவரிடம் ஒருவர் வாங்குங்கள், தொழிலில் கைகொடுங்கள் என்பது.

மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு போலத் தோன்றும். ஒருவரிடம் ஒருவர் வாங்க வேண்டுமென்றால் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தெரிய வேண்டுமென்றால் பேச வேண்டாமா? ஆனால் இரண்டு விதிகளும் ஒரே ஆட்களின் மேல் விழுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவரும் விற்கிறவரும் இருவருமே சொல்லைக் குறைக்க வேண்டும். தேடிப்போய் வாங்குகிற கடமையோ வாங்குகிறவரைச் சேர்ந்தது. விற்கிறவர் கூவிக்கொண்டு திரிய வேண்டாத ஒரு சமூகத்தை வெஸ்லி கற்பனை செய்தார். ஏனென்றால் அவருடைய தொழில் என்ன, அவருடைய பாடு என்ன என்பதைச் சுற்றியிருக்கிறவர்கள் ஏற்கனவே அறிந்திருப்பார்கள்.

அது வெறும் கனவு அல்ல, அதற்கு ஓர் அமைப்பு இருந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி பேசினார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தருவது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடுவீடாகப் போய் வசூலிப்பது என்று முடிவாயிற்று. வசூலுக்குப் போனவர்கள் வீடுகளின் நிலையைப் பார்த்தார்கள். வேலையில்லாதவர், குடியில் விழுந்தவர், நோயாளி என்று எல்லாம் தெரியவந்தது. அதிலிருந்துதான் மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் என்ற, வாரந்தோறும் ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்கிற முறை பிறந்தது. பணம் கேட்கப் போன பேச்சு மனிதரை விசாரிக்கிற பேச்சாக மாறியது. இன்று நம் வீட்டு ஜெபக்கூட்டங்கள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நலம் விசாரிக்கத் தொடங்குகிற பேச்சு, ஒரு பாலிசியிலோ ஒரு பிளாட்டிலோ போய் நிற்கிறது.

ஒருவரிடம் ஒருவர் வாங்கச் சொன்னதற்கு வெஸ்லி காரணமும் தருகிறார்: உலகம் தன்னைச் சேர்ந்தவர்களை மட்டுமே நேசிக்கும் என்பது. விதிகள் வெளிவந்த அதே 1743இல் அந்நாட்டின் வெட்னஸ்பரி என்ற ஊரில் மெதடிஸ்டுகளின் வீடுகளும் கடைகளும் கும்பல்களால் சூறையாடப்பட்டன. ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. பலம் உள்ளவர்கள் தங்களுக்குள் வியாபாரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ள அதை ஆதாரம் காட்ட முடியாது.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. இங்கே "நம்ம ஆளு" என்ற சொல்லுக்குச் சபையில் ஒரு பொருளும் ஊரில் ஒரு பொருளும் உண்டு. ஊர்ப்பொருள் சபைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வணிகப் பரம்பரையில் பிறந்தவருக்குத் தன் தொழிலைப் பற்றித் தானே பேச வேண்டிய அவசியம் குறைவு. மாமா பேசுவார், சம்பந்தி பேசுவார், சங்கம் பேசும். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கப்பட்டதைப் போன்ற முயற்சிகளின் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட அப்படிப்பட்ட உறவு வலை இருந்தது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் உத்தரவாதம் சொல்லும் அந்த ஏற்பாடு பல குடும்பங்களை உயர்த்தியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட தமிழகத்துச் சபைகளில் பெரும்பான்மையினர் தலித் குடும்பங்கள். அப்பா கூலி, தாத்தா பண்ணையாள். மகன் ஐடிஐயில் டர்னர் படித்து, பத்துப் பதினைந்து வருடம் யாரோ ஒருவரின் கம்பெனியில் மெஷின் ஓட்டி, கடன் வாங்கி ஒரு பழைய லேத் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகப் பேச ஊரில் ஒரு வாய் கிடையாது. அவரிடம் போய், தன்னைத்தானே புகழ்வது கிறிஸ்தவனுக்கு அழகல்ல என்று நீதிமொழிகள் 27ஐக் காட்டுவது அநியாயம்.

அந்த வசனத்தின் கருத்தையே எடுத்துக்கொள்வோம். உன் வாய் உன்னைப் புகழ வேண்டாம், வேறொருவர் புகழட்டும் என்கிறது அது. பிரசங்கங்களில் முதல் பாதியைத்தான் கேட்கிறோம். வேறொருவர் புகழ வேண்டும் என்றால் அந்த வேறொருவர் யார்? ஆராதனையில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிற மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்தானே? ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்மணிக்காகப் பவுல் அப்படித்தான் முன்வந்து பேசுகிறார். அவள் யார், எத்தனை பேருக்கு ஆதரவாய் இருந்தவள் என்று சொல்லி, எந்தக் காரியத்தில் அவளுக்கு உதவி தேவையோ அதில் உதவுங்கள் என்று முன்பின் அறியாத ஒரு சபைக்கு எழுதுகிறார். பெபேயாள் தன் பெருமையைத் தானே பேச வேண்டியிருக்கவில்லை. முதல் தலைமுறைத் தொழில்காரர் தன் கார்டைத் தானே நீட்ட வேண்டியிருப்பது, அவரைச் சுற்றியுள்ள சபை இந்த வேலையைச் செய்யாததன் அடையாளம்.

பவுலின் தொழிலையும் பார்க்க வேண்டும். அவரைக் கூடாரத் தொழிலாளி என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. பேரரசர் கிலவுதியு யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியதால் கொரிந்துவுக்கு வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு, ஒரே தொழில் என்பதால், தங்கி வேலை செய்தார். அப்போது அங்கே அதிபதியாக இருந்த கல்லியோனின் காலத்தை டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டு உறுதிப்படுத்துவதால், இது கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ரொனால்ட் ஹாக் 1980இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பவுலின் ஊழியத்தில் பட்டறைக்கு முக்கிய இடம் உண்டு என்று வாதிட்டார். தோல் வெட்டி, தைத்துக்கொண்டே வாடிக்கையாளரோடும் சக தொழிலாளரோடும் பேசுவது அந்தக் கால நகரங்களில் இயல்பு. சுவிசேஷம் அந்தப் பேச்சில் நுழைந்திருக்கும் என்பது அவர் முடிவு. இதில் நான் கவனிப்பது போக்குவரத்தின் திசையை. பவுல் விசுவாசத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கூடாரம் விற்பதற்காக ஜெப ஆலயத்துக்குப் போனதாக எங்கும் பதிவு இல்லை. அதற்காகத் தொழிலை மறைத்தவரும் அல்ல. எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, தன் தேவையையும் தன்னோடிருந்தவர்களின் தேவையையும் சம்பாதித்த கைகள் இவை என்று காட்டிப் பேசுகிறார். லீதியாளை அறிமுகப்படுத்தும்போது லூக்கா அவள் ஊரையும் தொழிலையும் சேர்த்தே எழுதுகிறார்: தியத்தீரா ஊராள், இரத்தாம்பரம் விற்கிறவள். தொழிலைச் சொல்வது ஒரு மனிதரை முழுமையாகச் சொல்வதன் பகுதி.

ஆகவே "நான் காக்களூரில் லேத் வைத்திருக்கிறேன், எஸ்.எஸ். ஷாப்ட் வேலை செய்கிறேன்" என்று ஒருவர் சொல்வதில் குற்றம் தேட வேண்டாம். குற்றம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் இரண்டைச் சேர்த்து மறுக்கிறார்: முகஸ்துதி பேசவில்லை, பணஆசையை மறைக்க வேஷம் போடவுமில்லை. வேஷம் என்பதுதான் இதில் கனமான சொல். நட்பு என்று வந்து, வியாபாரமாக முடிவது. கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பலரும் இதை அனுபவித்திருப்பார்கள். ரொம்ப நாளாகப் பேசாத ஒருவர் போன் பண்ணுவார். குடும்பத்தை விசாரிப்பார், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பார், "உங்களுக்காக ஜெபிச்சிட்டிருந்தேன்" என்பார். வீட்டுக்கு வரச் சொல்வார், அல்லது ஒரு ஹால் பெயரைச் சொல்லி "சும்மா வாங்க, நல்ல மீட்டிங்" என்பார். போனால் வெள்ளைப் பலகையில் வட்டங்கள். பிளான் காட்டுகிறார்கள். என்னிடமும் ஒருவர் அப்படி வந்தார். அவர் விற்ற பொருளில் எனக்குப் புகார் இல்லை. ஜெபித்தேன் என்று அவர் சொன்னதை அன்றிலிருந்து நம்ப முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். வேறொருவர் உண்மையாகவே அதைச் சொன்னபோதும் மனம் ஒரு கணம் தயங்கியது.

இந்த வகை வியாபாரத்துக்கும் கிறிஸ்தவ வட்டாரங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1959இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தைத் தொடங்கிய ரிச் டிவோஸ், ஜே வான் ஆண்டல் இருவரும் டச்சுச் சீர்திருத்தச் சபைப் பின்னணியில் வந்தவர்கள். அந்த நிறுவனத்துக்குத் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் தொழிற்சாலையும் இருக்கிறது. நேரடி விற்பனை முழுவதும் மோசடி என்று நான் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. ஆனால் உறவையே கடைவாசலாக மாற்றுகிற வியாபாரத்தில் எந்த இடத்தில் தவறு நுழையும் என்று சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 28 அன்று மத்திய அரசு அறிவித்த நேரடி விற்பனை விதிகள், பிரமிட் திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்கின்றன. அவற்றோடு, விற்பவர் பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை உண்மையாகச் சொல்லவேண்டும் என்றும், முன் அனுமதியும் அடையாள அட்டையும் இல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்றும் சொல்கின்றன. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் பேசும்படி மலைப்பிரசங்கத்தில் கேட்டவர்களுக்கு, வந்த காரியத்தை முதலிலேயே சொல் என்று கற்றுத்தர அரசிதழ் தேவைப்பட்டிருக்கக்கூடாது.

பழவேற்காட்டின் கதை ஒன்றும் இந்த இடத்தில் சொல்லத் தகுந்தது. இன்று பொன்னேரி வட்டத்தில் இருக்கும் அந்தக் கடலோர ஊரில் டச்சுக் கம்பெனி 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. துணி வாங்க வந்தவர்கள். அடிமை வியாபாரமும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்துவிட்டுத்தான். அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் 1630களில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் அங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜர். பத்மநாபன் என்ற பிராமணரோடு நெடுநாள் பேசி, இங்குள்ள மக்களின் நம்பிக்கை, வழக்கம், வாழ்க்கை பற்றிக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சதகங்கள் சில அந்த உரையாடல் வழியாகத்தான் முதன்முதலில் ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போயின. ரோஜர் இறந்தபின் 1651இல் அந்த நூல் வெளிவந்தது. புறச்சமயத்தார் என்றே அவர் அவர்களைப் பார்த்தார், அதில் ஐயமில்லை. ஆனாலும் எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்று நம்பினார். சுற்றிலும் எல்லாப் பேச்சும் விலையைப் பற்றியதாக இருந்த ஒரு கோட்டைக்குள், விலை பேசாத ஓர் உரையாடல் ஒரு நூலாக வளர்ந்தது. எப்போதும் விற்கவே பேசுகிறவர் இழப்பது இந்த மாதிரி உரையாடல்களைத்தான். எதிரில் இருப்பவர் சொல்லும்போது அவர் மனம் அடுத்து எந்த இடத்தில் தன் பொருளை நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேஷத்துக்கு அடுத்தது, வேஷத்தைவிடக் கடுமையானது, மறுக்க முடியாதவரிடம் பேசுவது. இதைத் தொழிற்பேட்டைக்குள்ளிருந்து பார்த்தால்தான் முழுதாகப் புரியும். கான்ட்ராக்ட் தொழிலாளியின் அடுத்த மாத வேலை சூப்பர்வைசரின் கையில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையனுக்கு வேலை, தங்கும் அறை, முன்பணம் மூன்றையும் தருகிறவர் ஒரே கான்ட்ராக்டர். அந்த சூப்பர்வைசர் டீ குடிக்கும்போது, "நம்ம வீட்டுல ஒரு சீட்டு நடத்துறாங்க, நீயும் சேந்துக்கப்பா" என்று அன்பாகச் சொன்னாலும் அது கட்டளைதான். குரல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கேட்பவர் காதில் மென்மை விழாது. சபையில் இதே நிலையில் இருப்பவர்கள் போதகர், மூப்பர், ஜெபக்குழுத் தலைவர். நோயில் ஜெபித்தவர், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் ஒரு மனையைப் பற்றியோ முதலீட்டைப் பற்றியோ பேசினால் விசுவாசி எப்படி வேண்டாம் என்பார்? 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்த ஆருத்ரா கோல்டு முதலீட்டு விவகாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. அவ்வளவு பணம் விளம்பரத்தால் மட்டும் வருவதில்லை. தெரிந்தவர் தெரிந்தவரிடம் சொல்லி வருகிறது. சொன்னவரின் முகத்துக்காகப் போட்டேன் என்று சொல்பவர்களை இத்தகைய ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கிறோம்.

இயேசு ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்திய சம்பவத்தை நான் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன். அங்கே வாங்க வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர், யாத்திரிகர்கள். பலி செலுத்தப் பழுதற்ற புறா வேண்டும். ஆலய வரிக்குத் தீரு நகரத்து வெள்ளிக்காசு வேண்டும். வேறு எங்கே போவார்கள்? வணக்கத்துக்காக வந்த ஏழையின் வேறு வழியின்மை மேல் கட்டப்பட்ட சந்தை அது. இதைச் சபை வளாகத்தில் டீ குடித்துக்கொண்டே தொழில் பேசுகிற இரண்டு சகோதரர்களுக்கு எதிராக எடுத்து வீசுவது பொருந்தாது. தன்னை மறுக்க முடியாதவரிடம் விற்கிற மூப்பருக்குப் பொருந்தும். என்னைக் கேட்டால், ஒருவரிடம் நம் தொழிலைப் பற்றிப் பேசுமுன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இவர் வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு எங்கள் உறவில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் பேசக்கூடாது, பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

சாட்சி சொல்வதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. "கர்த்தர் புது யூனிட் கொடுத்தார், இரண்டு சி.என்.சி. மெஷின் போட்டிருக்கோம், எந்த ஜாப் ஒர்க் ஆனாலும் பண்ணித் தருவோம், இன்னும் ஆர்டர் வர ஜெபிச்சுக்கோங்க." இதில் நன்றி எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று பேசுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆனால் தேவனைக் கேட்பதுபோல் மனிதரைக் கேட்கிற ஜெபம் ஜெபத்தைப் பழுதாக்குகிறது. வேலை வேண்டுமென்றால் ஆராதனை முடிந்தபின் நேராகக் கேட்பது அதைவிட மரியாதை. நெடுஞ்சாலை நெடுக எபெனேசர், பெத்தேல், யெகோவாயீரே என்று பெயர் தாங்கிய கடைகளையும் பட்டறைகளையும் பார்க்கலாம். பெயர் வைத்தவரின் நன்றியுணர்வை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பலகை ஒரு வாக்குறுதி. அளவு தவறிய ஷாப்ட் எபெனேசர் பட்டறையிலிருந்து வெளியே போனால் பழி அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான்.

இனி வாங்குகிறவரின் பக்கம். நீதிமொழிகள் 20 ஒரு காட்சியைச் சொல்கிறது: வாங்குகிறவன் பொருள் மட்டம், மட்டம் என்று குறை சொல்லி விலையைக் குறைக்கிறான், வீட்டுக்குப் போனதும் பெருமையடிக்கிறான். விற்பவரின் வாயைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற நாம் இந்த வாயைப் பற்றிப் பேசுவதே இல்லை. "பிரதர்னு பாத்து போட்டுக் குடுங்க" என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனை சிறு பட்டறைகளின் லாபம் போயிருக்கிறது! விசுவாசியிடம் வாங்கு என்ற விதி, விசுவாசியிடம் மலிவாக வாங்கு என்று திரிந்துவிட்டது. மலிவாக மட்டுமல்ல, கடனாகவும். வெளியாருக்கு முப்பது நாளில் செட்டில் செய்கிற முதலாளி, சபை சகோதரனின் பில்லைத் தள்ளிப்போடுகிறார். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். கேட்கவும் மாட்டான்.

சட்டம் இதிலும் தெளிவாக இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தரவேண்டும் என்கிறது; ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. இருந்தும் காக்களூரில் லேத் வைத்திருப்பவர் தன் சபையைச் சேர்ந்த வாடிக்கையாளர் மேல் இத்தகைய நிலுவைகளை விசாரிக்கும் கவுன்சிலில் புகார் கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இது சட்டத்தின் கையில் விடக்கூடிய காரியம் அல்ல. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்ற லேவியராகமத்தின் கட்டளை, ஜாப் ஒர்க் பில்லுக்கும் பொருந்தும் என்று ஒரு போதகராவது பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல வேண்டும்.

இதில் சபைகளே முதல் குற்றவாளியாக இருப்பதும் உண்டு. ஆலயத்துக்கு ஷீட் மாற்ற வேண்டும், கேட் வெல்டிங் செய்ய வேண்டும், சவுண்ட் சிஸ்டம் போட வேண்டும் என்றால் கட்டடக் கமிட்டி முதலில் நினைப்பது சபையில் இருக்கிற பேப்ரிகேஷன்காரரைத்தான். அது சரி, வெஸ்லி சொன்னதும் அதுதான். ஆனால் கொட்டேஷன் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் "கர்த்தருக்குத்தானே செஞ்சீங்க" என்று கைகுலுக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவரிடம் வேலை செய்த இரண்டு வெல்டர்களுக்கு அவர் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். கமிட்டி அவரிடம் கொட்டேஷன் வாங்கட்டும், வேலையைச் சரிபார்க்கட்டும், பில் தொகையை முழுதாக அவர் கணக்கில் போடட்டும். அதிலிருந்து எவ்வளவைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது என்பதை அவர் தன் வீட்டில், தன் மனைவியோடு பேசி முடிவு செய்துகொள்வார்.